தென்னாப்பிரிக்காவில் புகழ், டெட்ராய்ட்டில் கூலிவேலை: ரோட்ரிகஸின் பணம் எந்த வழியில் போனது?

சிக்ஸ்டோ ரோட்ரிகஸ் என்ற அமெரிக்கப் பாடகர் 2023 ஆகஸ்ட் 8 அன்று தமது 81-ஆம் வயதில் காலமானார். தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, கிதாரை மீட்டித் தாமே பாடியவர். வாழ்நாளில் அவர் வெளியிட்டவை இரண்டே ஸ்டூடியோ ஆல்பங்கள்தான். பிறந்த நாட்டில் அவை இரண்டும் விலைபோகவில்லை. தென்னாப்பிரிக்காவிலோ அவை ஒரு தலைமுறையின் வீடுகளில் இடைவிடாமல் சுழன்றன. இங்கே ஏறத்தாழ ஐந்து லட்சம் பிரதிகள் விற்றிருக்கும் என்ற மதிப்பீடு, அவரைப் பற்றி 2012-இல் வெளிவந்த 'சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்' ஆவணப்படத்துக்குப் பிறகு உலகம் முழுவதும் பரவியது. அந்த விற்பனை நடந்த ஆண்டுகளில் அவர் டெட்ராய்ட்டில் பழைய கட்டடங்களை இடிக்கும் கூலிவேலை செய்துகொண்டிருந்தார்.

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் வாழும் தென்னாப்பிரிக்கத் தமிழர்களான நம் குடும்பங்களில் இந்தக் கதை பேச்சில் வரும்போது இரண்டு விளக்கங்களே திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. யாரோ ஒருவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டார் என்பது ஒன்று. அது அவருடைய தலையெழுத்து என்பது மற்றொன்று. இரண்டும் போதாதவை. அவருடைய வருமானம் தடைப்பட்டது காகிதங்களால்: எந்தெந்த ஆண்டில் எந்தெந்த உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்பதைப் பின்தொடர்ந்தால், மர்மம் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி விளங்கிவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் இன்று கிதாரோடு பாட்டெழுதத் தொடங்கும் நம் பிள்ளைகளுக்கு இது பழைய கதையும் அல்ல.

ஒரு பாட்டுக்குள் இருக்கும் மூன்று உரிமைகள்

பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் ஒரு பாட்டு என்பது ஒற்றைச் சொத்து அல்ல. அதில் மூன்று உரிமைகள் அடுக்கடுக்காக உள்ளன. மூன்றும் ஒருவரிடமே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நிலம் ஒருவருக்கும், அதன்மேல் எழுப்பிய வீடு இன்னொருவருக்கும், அங்கே குடியிருக்கும் உரிமை மூன்றாமவருக்கும் இருக்கலாம் அல்லவா, அதைப் போன்றது இது.

1. படைப்பின் உரிமை. சொற்களுக்கும் மெட்டுக்கும் உரியது. பாட்டைத் தாளில் எழுதியதும் அல்லது கைப்பேசியில் பாடிப் பதிந்ததும் இந்த உரிமை பிறந்துவிடுகிறது. அதற்கு எந்த அலுவலகத்திலும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி இது படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்தபின் 50 ஆண்டுகளும் நீடிக்கும். படைத்தவர் இதை ஓர் இசைப் பதிப்பு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். கொடுத்தபின் அது அவருடையது அல்ல.

2. ஒலிப்பதிவின் உரிமை. ஸ்டூடியோவில் உருவாகும் பதிவுக்கு உரியது. இது பாடியவருக்குச் சொந்தம் என்றே பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவு நடக்க ஏற்பாடு செய்தவருக்கே, அதாவது பெரும்பாலும் பணம் போட்ட இசைத்தட்டு நிறுவனத்துக்கே, சட்டம் இதைத் தருகிறது.

3. நிகழ்த்துவோரின் உரிமை. மேடையில் நின்று பாடுபவரும் வாசிப்பவரும் பெறும் ஊதியமும், அவர்கள் வாசித்த பதிவு வானொலியிலோ கடையிலோ ஒலிக்கும்போது சேரவேண்டிய தொகையும் இதில் அடங்கும். இரண்டாவதாகச் சொன்னது தென்னாப்பிரிக்காவில் 2002-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்துக்குப் பின்னரே கிடைத்தது.

முதல் இரண்டு உரிமைகளிலிருந்தும் வரும் பங்குத்தொகையே ராயல்டி. இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. ஆல்பம் பதிவுசெய்ய ஆன செலவையும் பாடகருக்குக் கொடுத்த முன்பணத்தையும் நிறுவனம் அவருடைய ராயல்டியிலிருந்தே கழித்துக்கொள்வது வழக்கம். ஆல்பம் ஓடாவிட்டால் பாடகரின் கணக்கு கடனிலேயே நிற்கும். தொலைதூர நாடொன்றில் அது பின்னர் ஓடத் தொடங்கினாலும், அந்தச் செய்தி கணக்குப் புத்தகத்தை எட்டினால்தான் கடன் தீரும்.

1966 முதல் 1971 வரை: கையெழுத்துகளின் வரிசை

ரோட்ரிகஸ் 1942 ஜூலை 10 அன்று டெட்ராய்ட்டில், மெக்சிகோவிலிருந்து குடியேறிய உழைப்பாளிக் குடும்பத்தில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தார். அவருடைய தொழில்வாழ்வை நிர்ணயித்த கையெழுத்து 1966-இல் விழுந்தது. ஹாரி பால்க் என்பவரின் கோம்பா மியூசிக் என்ற பதிப்பு நிறுவனத்துடன், தாம் எழுதும் பாட்டுகள் அந்த நிறுவனத்துக்கே உரியவை என்று அவர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு இம்பேக்ட் என்ற சிறு நிறுவனம் 'ராட் ரிகெஸ்' என்று பெயரை மாற்றி அவருடைய தனிப்பாட்டுத் தட்டொன்றை வெளியிட்டது. அது கவனம் பெறவில்லை.

பின்னர் டென்னிஸ் காஃபி, மைக் தியோடர் என்ற இரு இசைத் தயாரிப்பாளர்கள், புகை மண்டிய ஒரு மதுக்கூடத்தில் கேட்போருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாடிக்கொண்டிருந்த அவரைக் கண்டெடுத்தார்கள். கிளாரன்ஸ் அவாந்த் நடத்திய சசெக்ஸ் ரெக்கார்ட்ஸ் 1970-இல் 'கோல்ட் ஃபேக்ட்' ஆல்பத்தையும், லண்டனில் ஸ்டீவ் ரோலண்டின் தயாரிப்பில் பதிவான 'கமிங் ஃப்ரம் ரியாலிட்டி' ஆல்பத்தை 1971-இலும் வெளியிட்டது. இரண்டும் அமெரிக்காவில் விற்கவில்லை. நிறுவனம் அவரைக் கைவிட்டது.

இங்கே சற்று நின்று முதல் ஆல்பத்தின் தட்டில் ஒட்டப்பட்ட வட்டச் சீட்டைப் பார்க்க வேண்டும். பாட்டெழுதியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'சிக்ஸ்த் பிரின்ஸ்' என்றும் 'ஜீசஸ் ரோட்ரிகஸ்' என்றும் அச்சிடப்பட்டிருந்தது. 1966 ஒப்பந்தப்படி பாட்டுகள் தனக்கே உரியவை என்றும், அதை மறைக்கவே மாற்றுப் பெயர்கள் போடப்பட்டன என்றும் குற்றம் சாட்டி, கோம்பா நிறுவனம் 2014-இல் அவாந்த் மீது டெட்ராய்ட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. குற்றச்சாட்டு சரியா தவறா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தட்டு வெளியாகி 44 ஆண்டுகள் கழித்தும் முதல் உரிமை யாருடையது என்பதே சண்டைக்குரியதாக இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். உரியவர் யார் என்று தெரியாத இடத்தில் ராயல்டி தானாக வந்து சேராது. தென்னாப்பிரிக்க ரசிகர்களுக்கு அவருடைய இயற்பெயர் எதுவென்றே பல ஆண்டுகள் தெரியாமல் போனதற்கும் அந்தச் சீட்டே காரணம்.

பாட்டில்லாத ஆண்டுகள்

சசெக்ஸ் 1975-இல் மூடப்பட்டது. ரோட்ரிகஸ் கட்டட இடிப்பிலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தார். அரசு ஏலத்தில் 50 டாலருக்கு ஒரு வீடு வாங்கினார். 1981-இல் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் பெற்றார். உள்ளூர்த் தேர்தல்களில் நின்று தோற்றார்.

ஆவணப்படம் சொல்லாமல் விட்ட ஒரு செய்தி இந்த ஆண்டுகளில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனம் அவருடைய பாட்டுகளை முறையாக வாங்கி வெளியிட்டது; 1979-இலும் 1981-இலும் அவரை அங்கே வரவழைத்து மேடையேற்றினார்கள். ஆகவே உலகமே அவரை மறந்திருந்தது என்ற படத்தின் சித்திரம் முழுமையானது அன்று. நல்ல படம்தான், ஆனால் இந்த விடுபாட்டால் தென்னாப்பிரிக்காவின் தனித்தன்மை சரியாகப் புலப்படாமல் போகிறது. ஆஸ்திரேலியாவில் தட்டு விற்றதும் பாடகரைத் தேடிப் பிடித்தார்கள். இங்கே ஏன் 25 ஆண்டுகளுக்கு மேல் யாராலும் அது முடியவில்லை?

தென்னாப்பிரிக்கா ஏன் அறியவில்லை?

விடை இந்த நாட்டின் அன்றைய அரசியலில் உள்ளது. நான்கு தடைகள் ஒரே காலத்தில் செயல்பட்டன.

1. தணிக்கை. அரசு ஒலிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி. தனக்கு ஒவ்வாத பாட்டுகளை ஒலிபரப்பவில்லை. அதன் காப்பகத்திலுள்ள 'கோல்ட் ஃபேக்ட்' தட்டொன்று ஆவணப்படத்தில் காட்டப்படுகிறது. போதைப்பொருளைச் சொல்லும் முதல் பாட்டின் வரிப்பள்ளங்கள் மேல் கூரான கருவியால் ஆழமாகக் கீறியிருக்கிறார்கள். ஊசியை வைத்தாலும் அந்தப் பாட்டு ஒலிக்காது. வானொலியில் வராத பாடகருக்குப் பேட்டி இல்லை, அறிமுகம் இல்லை, பட்டியலில் இடமில்லை. கடைத் தட்டாகவும், ஒன்றிலிருந்து ஒன்றாகப் படியெடுத்த கேசட்டாகவுமே அவர் பரவினார்.

2. படமின்மை. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியதே 1976 ஜனவரியில்தான். ஆல்பத்தின் அட்டையில் கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்திருந்த உருவம் தவிர வேறு முகம் யாருக்கும் கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்பியது. மேடையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார் என்ற கதை கல்லூரிகளிலும் ராணுவ முகாம்களிலும் உண்மைபோலச் சொல்லப்பட்டது. இறந்தவர் என்று நம்பப்பட்டவருக்குப் பணம் போகிறதா என்று யார் கேட்பார்கள்?

3. பண்பாட்டுப் புறக்கணிப்பு. நிறவெறி ஆட்சியோடு பண்பாட்டுத் தொடர்புகளை நிறுத்துமாறு ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1968-இல் கேட்டுக்கொண்டது. 1980-இல் அதை மேலும் விரிவாக வற்புறுத்தியது. வெளிநாட்டுப் பாடகர் இங்கு வருவது கண்டனத்துக்குரியது என்ற நிலை உருவானது. அது நியாயமான புறக்கணிப்பு, அதில் ஐயமில்லை. ஆனால் அதன் பக்கவிளைவாக, இங்கே தட்டு விற்ற வெளிநாட்டுப் பாடகருக்கும் இங்குள்ள வியாபாரிக்கும் இடையே நேர்ப்பேச்சு அருகிப்போனது. சரக்கு சுற்றுவழியில் வந்து கணக்கு வராமல் போவதை நம் சமூகமும் அறியும்: 1946-இல் இந்தியா இந்நாட்டுடன் வணிகத்தை நிறுத்தியபின், 1990களில் தடை நீங்கும் வரை இந்தியப் பொருள்கள் நேர்வழியில் வரவில்லை.

4. பிரிக்கப்பட்ட கேட்போர். ரோட்ரிகஸின் தட்டை வாங்கியோர் பெரும்பாலும் வெள்ளையர் வீட்டு இளைஞர்கள். கட்டாய ராணுவச் சேவைக்கு அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளைகளுக்கு, அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் ஆங்கிலப் பாட்டுகள் புதியனவாக இருந்தன. 1980களின் இறுதியில் நிறவெறியை எதிர்த்துப் பாடிய ஆஃப்ரிகான்ஸ் இசைஞர்கள் அவரைத் தங்கள் தூண்டுதலாகச் சொன்னது உண்மை. ஆனால் அவருடைய பாட்டுகளே விடுதலைப் போராட்டத்தின் குரல் என்று சொல்வது மிகை. வெளிநாட்டில் பாடிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவின் கடவுச்சீட்டை இந்த அரசு 1960-இல் ரத்துசெய்து, தாயின் இறுதிச் சடங்குக்குக்கூட வரவிடாமல் செய்தது. இசைக்காகப் பெரிய விலை கொடுத்தவர்கள் இந்த மண்ணிலேயே இருந்தார்கள். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்கு விரட்டப்பட்ட நம் பெற்றோரின் வீடுகளில் ஒலித்தவை வேறு பாட்டுகள்.

பணம் நின்ற இடம்

மூன்று உரிமைகளையும் இந்த நான்கு தடைகளையும் சேர்த்து வைத்தால் பணத்தின் வழி துலங்குகிறது. தென்னாப்பிரிக்காவில் அவருடைய தட்டுகளை வெவ்வேறு காலங்களில் குறைந்தது மூன்று நிறுவனங்கள் விற்றன. ராயல்டியை அமெரிக்காவில் சசெக்ஸுக்கு அனுப்பியதாக இங்கிருந்த நிறுவனத் தரப்பினர் படத்தில் சொல்கிறார்கள். ஒப்பந்தப்படி பார்த்தால் அவர்கள் அனுப்பவேண்டிய இடமும் அதுதான். பாடகரின் முகவரி அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. ஒலிப்பதிவின் உரிமை சசெக்ஸிடம். சசெக்ஸோ 1975-இல் இல்லாமல் போய்விட்டது. அதன்பின் வந்த தொகை பற்றிப் படத்தில் கேட்கப்பட்டபோது அவாந்திடமிருந்து தெளிவான கணக்கு எதுவும் வரவில்லை. அவாந்தும் ரோட்ரிகஸ் மறைந்த ஐந்தாம் நாள், 2023 ஆகஸ்ட் 13 அன்று காலமானார். படியெடுத்த கேசட்டுகளிலிருந்து யாருக்குமே எதுவும் போகவில்லை.

இதில் யாரேனும் தவறிழைத்திருக்கலாம். ஆனால் யாருமே தவறிழைக்காமல் இருந்திருந்தாலும் அவர் கைக்குப் பெரிதாக எதுவும் வந்திருக்காது என்பதே என் கணிப்பு. படைப்பின் உரிமையை 1966-லும் பதிவின் உரிமையை அதை அடுத்த சில ஆண்டுகளிலும் எழுதிக் கொடுத்தவர், தம் பாட்டு எங்கே விற்கிறது என்று கேட்கும் நிலையையும் அவற்றோடு சேர்த்தே இழந்துவிட்டார்.

1998: எழுதிக் கொடுக்கப்படாத உரிமை

நிறவெறி ஆட்சி வீழ்ந்து, இணையம் வந்தபின் தேடல் தொடங்கியது. இரண்டாவது ஆல்பம் 1996-இல் இங்கே குறுந்தகடாக வந்தபோது, கேப் டவுனைச் சேர்ந்த ஸ்டீபன் செகர்மன் அதன் குறிப்பேட்டில் இந்தப் பாடகரைத் துப்புத்துலக்க யாரேனும் உண்டா என்று கேட்டு எழுதினார். கிரெய்க் பார்தலோமியூ என்ற பத்திரிகையாளர் பாட்டு வரிகளில் வரும் ஊர்ப்பெயர்களை ஒவ்வொன்றாக அலசினார். ஒரு பாட்டில் டியர்போர்ன் என்ற பெயர் இருந்தது. வரைபடத்தில் அது டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர். அந்த நூலைப் பிடித்துப் போய் 1997-இல் அவர் மைக் தியோடரைத் தொலைபேசியில் பிடித்தார். பாடகர் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்தது. அதே காலத்தில் செகர்மன் தொடங்கிய இணையப் பக்கத்தைப் பார்த்த ரோட்ரிகஸின் மகளும் தொடர்புகொண்டார்.

1998 மார்ச் 6 அன்று கேப் டவுனை அடுத்த பெல்வில் வெலோட்ரோமில், 55 வயதில், அவர் மேடையேறினார். பாடத் தொடங்கவே விடாமல் ஆயிரக்கணக்கானோர் நெடுநேரம் ஆர்ப்பரித்தார்கள். அந்தப் பயணத்தில் ஆறு நிகழ்ச்சிகள் நடந்தன. இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஊதியத்தை. பழைய ஒப்பந்தங்கள் தொட்டவை படைப்பையும் பதிவையும்தான். அவர் ஒரு மேடையில் நின்று பாடுவதை அவை தொடவில்லை. மூன்றாவது உரிமை மட்டும் அவரிடமே மிஞ்சியிருந்ததால், தென்னாப்பிரிக்கப் புகழ் முதன்முறையாக அவருக்கு வருமானமாக மாறியது. 2008-லும் 2009-லும் அமெரிக்காவில் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்து, 2013-இல் படம் ஆஸ்கர் விருது பெற்றபின் பெரிய அரங்குகள் திறந்தன. கிடைத்ததில் பெரும்பகுதியைக் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் கொடுத்துவிட்டு, அதே டெட்ராய்ட் வீட்டில் அவர் வாழ்ந்தார்.

ஆனால் மேடை ஊதியத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது உடலோடு கட்டுண்டது. கண்நீர் அழுத்த நோயால் பார்வை மங்கிய முதுமையில், கையைப் பிடித்து நடத்திச் சென்றால்தான் அவரால் மேடையை அடைய முடிந்தது. படைப்பின் உரிமை அப்படியல்ல. படைத்தவர் படுக்கையில் இருக்கும்போதும் அது சம்பாதிக்கும். இளமையில் எளிதாகக் கைவிடப்படுவதும் அந்த உரிமைதான்.

இங்கே, இப்போது

ரோட்ரிகஸுக்கு நேர்ந்தது வெளிநாட்டார் கதை மட்டும் அல்ல. க்வாசுலு-நட்டாலில் பிறந்த சாலமன் லிண்டா 1939-இல் ஜொகானஸ்பர்கில் பதிவுசெய்த 'ம்பூபே' பாட்டை 10 ஷில்லிங்குக்கு விட்டுக்கொடுத்தார். 1962-இல் ஏழையாகவே மறைந்தார். 1911-ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில், படைத்தவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு பிரிவு இருந்தது. அதைக் கொண்டே அவருடைய மகள்கள் தரப்பு வழக்காடி 2006-இல் உடன்பாடு கண்டது.

திருமண மண்டபங்களிலும் காவடித் திருவிழாக்களிலும் வாசிக்கும் நம் இளைஞர்கள் பெரும்பாலும் மூன்றாவது உரிமையில் மட்டுமே வாழ்கிறார்கள்: அன்றன்று வாசித்தால் அன்றன்று ஊதியம். சொந்தப் பாட்டெழுதத் தொடங்கியவருக்குச் செய்யவேண்டியவை வேறு.

1. பாட்டெழுதி மெட்டமைப்பவர் சாம்ரோ அமைப்பில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் தம் பெயரில் அறிவிக்க வேண்டும். வானொலியிலும் அரங்குகளிலும் படைப்பு ஒலிப்பதற்கான தொகையை அது வசூலிக்கிறது.
2. பாட்டு பிரதியெடுக்கப்படுவதற்கும் இணையத்தில் ஓடுவதற்கும் உரிய பங்கை கபாசோ அமைப்பு வசூலிக்கிறது. சாம்ரோவில் சேர்ந்தாலே இதிலும் சேர்ந்ததாகிவிடும் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.
3. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் பதிவின் ஒலிபரப்புக்காக வரவேண்டியதைப் பெற சாம்ப்ரா அமைப்பு உண்டு. கிதார் மட்டும் வாசித்துக் கொடுத்தவருக்கும் இதில் பங்கு உண்டு; பலர் கேட்பதே இல்லை.
4. ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற அடையாள எண் வாங்கவேண்டும். பாடகரின் பெயர் எப்படி அச்சானாலும் அது எந்தப் பதிவு என்பதை அந்த எண் காட்டிக்கொடுக்கும்.
5. கூட்டாக எழுதிய பாட்டுக்கு, ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே யாருக்கு எத்தனை விழுக்காடு என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அண்ணன் தம்பியாக வாசிப்பவர்கள் இதைச் சங்கடமாக நினைக்கிறார்கள். உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால் இதை முதல் நாளே செய்வது நல்லது.

சட்டமும் மாறும் வாய்ப்புள்ளது. தென்னாப்பிரிக்க நாடாளுமன்றம் 2024 பிப்ரவரியில் நிறைவேற்றிய பதிப்புரிமைத் திருத்த மசோதாவில், இசைப் படைப்பின் உரிமையை எழுதிக் கொடுத்தால் அது 25 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் என்ற விதி இருக்கிறது. வேறு சில பிரிவுகள் அரசியலமைப்புக்கு ஏற்றவைதாமா என்ற ஐயத்தால் குடியரசுத் தலைவர் ரமபோசா கையெழுத்திடாமல், அதே ஆண்டு அக்டோபரில் அதை அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அப்படியொரு விதி ரோட்ரிகஸின் 1966 ஒப்பந்தத்தை ஆண்டிருந்தால், 1991-இல், அதாவது கேப் டவுன் மேடைக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, பாட்டுகள் அவரிடம் திரும்பியிருக்கும். மசோதா சட்டமாகும் வரை 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் காலவரையறை எழுதப்படவில்லை என்றால் உரிமை முழுக் காலத்துக்கும் கைமாறிவிடும்.